பொந்துவும் பொந்தோவும்

என் கணவர் பார்த்தசாரதிக்குத் தனக்கு வங்காளம் நன்றாகத் தெரியும் என்று ஒரு நினைப்பு. கிதர்பூர் கப்பல் டாக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லாரியோடு வருகிறவனிடம் பாஸைக் கேட்டு வாங்கிப் பார்த்து, இவனை உள்ளே விடு, அவனைத் திருப்பி அனுப்பு என்று சொல்லும் செக்ஷன். அதனால் வங்காளத்தில் அதட்ட வரும். அதட்ட மட்டும்தான் வரும். காய்கறிக்காரனிடம் பேரம் பேசவும், எதிர் ஃபிளாட்டில் சாவு விழுந்தால் போய் நாலு வார்த்தை சொல்லவும் நான்தான் வேண்டும். இவர் வாயைத் திறந்தால் நாங்கள் குடியிருக்கிற லேக் கார்டன்ஸ் வங்காளிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அதை இவர் தனக்குக் கிடைக்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார்.

யாருக்கும் கெடுதல் இல்லாத கர்வம் என்று நானும் விட்டுவைத்திருந்தேன்.

எங்களுக்கு ஒரே பேத்தி, மேக்னா. எங்கள் பிள்ளை ஸ்ரீநாத்தும் மருமகள் பிரியங்காவும் விவாகரத்து வாங்கிக்கொண்ட பிறகு குழந்தை அம்மாவோடு புனேயில் இருக்கிறாள். ஸ்ரீநாத் துபாயில். குழந்தை எந்த வகுப்புப் படிக்கிறாள் என்று கேட்டால் மேலே பார்த்து யோசிப்பான். ஆனால் குடித்துவிட்டுக் கண்ட நேரத்தில் பிரியங்காவைக் கூப்பிட்டுக் கத்துவதற்கு மட்டும் அவனுக்கு நேரம் இருந்தது. அவள் நம்பரையே மாற்றிவிட்டாள். புது நம்பரை எங்களுக்குத் தரவில்லை. தந்தால் இவர் மூலமாகப் பிள்ளைக்குப் போய்விடும் என்று பயம். அது சரியான பயம். நானாக இருந்தாலும் தந்திருக்க மாட்டேன்.

ஆனாலும் குழந்தையை எங்களிடமிருந்து அடியோடு பிடுங்கிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் வீடியோவில் பேசுகிற ப்ரோக்ராம் ஒன்றைப் போடச் சொன்னாள். அதில் மேக்னாவின் பேர் மட்டும் இருக்கும். நம்பர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் ஆனதும் குழந்தை கூப்பிடுவாள். "அம்மா, இது உங்களுக்காக" என்று பிரியங்கா என்னிடம் தனியாகச் சொன்னாள். பெற்ற பிள்ளை அப்படி ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் மற்ற நாட்கள் எங்கள் வீட்டில் நடந்தன. இவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். மணி அடிக்கும். குழந்தை ஆடுகிற பல்லைக் காட்டும், வரைந்த படத்தைக் காட்டும். இவர் கப்பல் ஊதுகிற மாதிரி ஊதிக் காட்டுவார். பாதி தமிழ், பாதி வங்காளம், நடுவில் ஹிந்தி என்று அது பேசுவதற்கெல்லாம் ஆமாம் போடுவார். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் இவர் நல்ல மனுஷர். நான் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்துக்காக இவருடைய மற்ற நேரத்தையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஏரிக்கரையில் காலை நடைக்குப் போன இடத்தில் யாரோ இவரைப் பயமுறுத்திவிட்டார்கள். யாருக்கோ கம்ப்யூட்டர் வழியாகத் திருடன் வந்து பாங்கு விவரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். வீட்டுக்கு வந்ததும் எங்கள் கம்ப்யூட்டரையே திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். கீழ் ஃபிளாட் நரேன் பாபுவைக் கூப்பிட்டு வந்தார்.

நரேன் பாபு இன்ஷூரன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் பைத்தியம். யார் வீட்டில் எது கெட்டாலும் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நிற்பார், டீ கொடுத்தால் போதும். எங்கள் மெஷினைப் பார்த்துவிட்டு வங்காளத்தில் சொன்னார்: "பார்த்தோ-தா, இது கம்ப்யூட்டர் இல்ல, தர்மசாலை. யார் வேணும்னாலும் வந்து படுத்துக்கலாம். பூட்டே கிடையாது."

பூட்டு போடலாம் என்றார். அதற்குப் பெயர் ஃபயர்வால். இனாமாகவே கிடைக்கும் என்றதும் இவர் முகம் மலர்ந்தது. மெஷின் ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்தது. இதையும் ஏற்றியதும் ஆஸ்துமாக்காரன் மாடிப்படி ஏறுகிற மாதிரி மூச்சு வாங்கியது. நரேன் பாபு இரண்டு தடவை டீ குடித்தார். கடைசியில் திரையின் மூலையில் ஒரு சின்னக் கேடயம் வந்து உட்கார்ந்தது.

"இனிமே எந்த ப்ரோக்ராம் வெளியே போகணும்னாலும் உங்களைக் கேக்கும். பச்சை பட்டன், சிவப்பு பட்டன். உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா, பொந்து. பச்சை. தெரியாத ஆளா, பொந்தோ. சிவப்பு. அவ்வளவுதான், பௌதி" என்று என்னைப் பார்த்து முடித்தார். பௌதி என்றால் அண்ணி, தா என்றால் அண்ணா.

பொந்து என்றால் சிநேகிதன். பொந்தோ என்றால் மூடு, அடை. வங்காளிகளைக் கேட்டால் இரண்டுக்கும் முதல் எழுத்திலேயே வித்தியாசம் இருக்கிறது என்பார்கள். அது நம் காதுக்கு எட்டாது. நமக்கு மிச்சம் இருப்பது கடைசி எழுத்துதான். அந்த உகாரத்தையும் நாம் பாதி விழுங்கிவிட்டுத்தான் சொல்வோம். இவர் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். நரேன் பாபு அன்றே அதைக் கேட்டுச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

ஃபயர்வால் வந்ததிலிருந்து இவருக்கு வயசு குறைந்துவிட்டது. பழையபடி டாக் கேட்டில் உட்கார்ந்த மாதிரி. ஏதாவது ஒரு பெட்டி திரையில் குதித்து, இன்னார் வெளியே போகலாமா என்று கேட்கும். இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "யாருடா நீ" என்று தமிழில் விசாரிப்பார். சிவப்பை அமுக்குவார். பிரிண்டரைத் தடுத்தார். கடிகாரத்தைச் சரிசெய்கிற ப்ரோக்ராமைத் தடுத்ததால் கம்ப்யூட்டருக்கு நாள் கிழமை தெரியாமல் போனது. சந்தேகம் வந்தால் நரேன் பாபுவுக்குப் போன். "பொந்துவா, பொந்தோவா" என்று இவர் கேட்பதும், அவர் ஏதோ சொல்வதும், இவர் ஏதோ அமுக்குவதும் தினப்படி வேடிக்கையாகிவிட்டது.

மஹாளயம் கழிந்து ஊரே துர்கா பூஜைக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு பெட்டி வந்தது. வாயில் நுழையாத ஒரு பெயர், எழுத்தும் நம்பருமாக. வீடியோ ப்ரோக்ராம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு வேறு பெயரில் வந்து நிற்கிறது என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்? இவர் நரேன் பாபுவைக் கூப்பிட்டார். அவர் பூஜை விடுமுறைக்குப் புரி போக ஹவுரா ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. ரயில் அறிவிப்பு, கூலிகளின் சத்தம், நடுவில் நரேன் பாபு. இவர் எழுத்தெழுத்தாகப் படித்தார். அவர், "பொந்து, பொந்து. கோரே தின்" என்று கத்தினார். அப்படியே பண்ணிவிடுங்கள் என்று அர்த்தம். போன் அறுந்தது.

"அவர் பொந்துன்னுதானே சொன்னார்? சிநேகிதன்னுதான் என் காதுல விழுந்தது" என்றேன்.

"உனக்கு என்ன பெங்காலி தெரியும், கத்திரிக்காய் வாங்கற பெங்காலி. அடைச்சுடுன்னுதான் சொன்னார். நான் டாக்ல எத்தனை பேரோட பேசியிருக்கேன்."

சிவப்பை அமுக்கினார். என் தோசை கருகிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கவில்லை. மேக்னாவின் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் பச்சையாக இருக்கும் புள்ளி சாம்பலாக இருந்தது. பூஜைக்கு எங்கேயாவது போயிருப்பார்கள் என்று நினைத்தோம். அடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. அதற்கடுத்ததும். இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்வார், மத்தியானம் கழற்றி மாட்டுவார். சாப்பாட்டில் குறை சொல்லக்கூட இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"இந்த ஃபயர்வால் வந்ததுக்கு அப்புறம்தான் வரலை. அதைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கோளேன்" என்று நான் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை சொன்னேன்.

"மெயில் வர்றது, பேப்பர் வர்றது, உன் உபன்யாசம் வர்றது. இது மட்டும் வராதா? அறிவோட பேசு. இது அவ வேலை. குழந்தையை மறைக்கறா."

"நரேன் பாபுவை ஒரு வார்த்தை கேளுங்கோ."

"அவன்கிட்டச் சொன்னா பில்டிங் முழுக்கத் தெரியும், இவா பேத்தி இவாளோட பேசறதில்லைன்னு."

பிறத்தியார் என்ன நினைப்பார்கள் என்பதற்காகவே ஒரு ஆயுசைச் செலவழித்த மனுஷர். சொந்தப் பேத்தி விஷயத்திலும் அதை விடவில்லை.

கவலை கோபமாக மாறுவதற்கு அதிக நாள் ஆகவில்லை. லக்ஷ்மி பூஜை முடிந்ததும், "கிளம்பு, சாந்த்ராகாச்சிக்குப் போறோம்" என்றார். சாந்த்ராகாச்சியில் சம்பந்தி சுந்தரம் இருக்கிறார், பிரியங்காவின் அப்பா. ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர், மனைவி போன பிறகு அங்கேயே தனியாக இருக்கிறார். கோர்ட் வாசலில் பிரிந்ததிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. நான் கூடப் போனேன். போகாவிட்டால் இவர் என்ன பேசுவாரோ என்று பயந்துதான் போனேன். போயும் பிரயோஜனம் இல்லை.

டாலிகஞ்சில் பஸ் பிடித்து, பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறந்த சுந்தரத்துக்கு எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. ஆனாலும், "வாங்கோ மாமி, வாங்கோ" என்றார். விஜயா, பூஜை முடிந்து வீடு வீடாகப் போய் வாழ்த்துகிற சமயம், பகையாளி வந்தாலும் இனிப்பு கொடுக்க வேண்டும் இந்த ஊரில். அவரும் இந்த ஊர்க்காரராகத்தான் ஆகியிருந்தார். தட்டில் சந்தேஷ் வைத்துக் கொடுத்தார். நான் எடுத்துக்கொண்டேன். இவர் தொடவில்லை.

"எங்க பேத்தியை எதுக்காக மறைச்சு வெச்சிருக்கேள்?" என்றார் இவர், உட்காராமலே.

"யார் மறைச்சா?"

"உங்க பொண்ணு. மஹாளயத்துக்கு அப்புறம் ஒரு போன் கால் கிடையாது."

சுந்தரம் என்னைப் பார்த்தார். "மாமி, குழந்தை ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கூப்பிட்டுண்டுதான் இருக்கா. நீங்கதான் எடுக்கறதில்லை. ஸ்ரீநாத்துக்கு மாதிரியே இவாளுக்கும் நாங்க அலுத்துப் போயிட்டோமாப்பான்னு பிரியங்கா என்கிட்ட அழுதா. நான் வந்து உங்களைக் கேட்டிருப்பேன். என் பொண்ணை வேண்டாம்னு சொன்ன வீட்டு வாசல்ல எப்படி வந்து நிக்கறதுன்னு இருந்துட்டேன்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. குழந்தை கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எங்கேயோ கோளாறு, அவ்வளவுதான். சிரித்துப் பேசி, இன்னொரு சந்தேஷ் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். இவர் மட்டும் இவராக இல்லாமல் இருந்திருந்தால்.

"பொய்" என்றார் இவர்.

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்? இதோ, அவளையே கூப்பிடறேன். நேரா கேட்டுக்கோங்கோ." சுந்தரம் போனை எடுத்து நம்பரை அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டு டீப்பாயில் வைத்தார். மணி போக ஆரம்பித்தது.

இவருக்குத் தான் தப்பு என்று ஆகிவிடுமோ என்ற இடம் வந்துவிட்டால் கண் மண் தெரியாது. கையில் கிடைத்ததை எடுத்து வீசுவார். "அவளைக் கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார். "ஆபீஸ், டூர்னு ஊர் ஊரா சுத்தினவதானே. அந்தக் குழந்தை எங்க ஸ்ரீநாத்துக்குத்தான் பொறந்ததான்னே யாருக்குத் தெரியும்?"

மணி சத்தம் அதற்கு முன்னாலேயே நின்றிருந்தது. டீப்பாயிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"அம்மா, லேக் கார்டன்ஸ் தாத்தா பேசறார்."

பிறகு பிரியங்காவின் மூச்சு கேட்டது. பிறகு போன் அணைந்தது.

சுந்தரம் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. "மாமி, நீங்க எப்ப வேணும்னாலும் வாங்கோ. இவரை அழைச்சிண்டு வராதேங்கோ" என்றார். எனக்கு அந்த வாசல்படியிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல் இருந்தது. ஆனால் பஸ்ஸுக்கு நடந்தேன்.

பஸ்ஸில் முதலில், "கோவத்துல வந்துடுத்து" என்றார். பாலத்தின் மேல் வரும்போது, "குழந்தைக்கு அதெல்லாம் புரியாது" என்றார். டாலிகஞ்ச் வந்து இறங்கும்போது, "அவர் எதுக்கு முன்னாடியே போனைப் போட்டார்? வேணும்னே பண்ணியிருக்கார்" என்றார். ஊர் வந்து சேர்வதற்குள் குற்றத்தைக் கைமாற்றிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து இவரை எனக்குப் பிடிக்காமல் போன நாட்கள் நிறைய உண்டு. வெறுத்தது அன்றைக்குத்தான்.

இரண்டொரு நாளில் நரேன் பாபு புரியிலிருந்து திரும்பினார். அந்த ஊர் இனிப்பு காஜா பொட்டலத்தோடு மாடிக்கு வந்து விஜயா வாழ்த்துச் சொன்னார். இவரைக் கேட்காமல் நானே அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். "பேத்தியோட பேச முடியல, பாருங்கோ" என்று என் கத்திரிக்காய் வங்காளத்தில் சொன்னேன்.

அவர் கேடயத்தைத் திறந்தார். உள்ளே வரிசையாகப் பெயர்கள். முக்கால்வாசி சிவப்பு. "ஐயோ பார்த்தோ-தா, பிரிண்டர் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினான்?" என்று சிரித்துக்கொண்டே கீழே போனவர் ஒரு வரியில் நிறுத்தினார். "இதோ, உங்க வீடியோவோட ஆள் இவன்தான். இவனை யார் அடைச்சது?"

"நீர்தான் சொன்னீர்" என்றார் இவர். "ஸ்டேஷன்ல இருந்து. பொந்தோன்னு."

"நான் பொந்துன்னு சொன்னேன்."

"பொந்தோன்னீர்."

"பொந்து, தாதா. பொந்து. பொந்தோ இல்ல."

இரண்டு கிழவர்களும் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நரேன் பாபுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உங்க வாயிலதான் ரெண்டும் ஒண்ணுன்னா உங்க காதுலயுமா?" என்று சொல்லிவிட்டு, சிவப்பைப் பச்சையாக்கி, காஜாவைச் சூடு பண்ணாமல் சாப்பிடச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

வீடியோ ப்ரோக்ராம் சுற்றிச் சுற்றி வந்து திறந்தது. அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழ ஆரம்பித்தது. எடுக்காத அழைப்புகள். நடுநடுவே மேக்னா அடித்து அனுப்பியவை, தமிழை இங்கிலீஷ் எழுத்தில். நான் சத்தமாகப் படித்தேன்.

"தாத்தா எடு."

"பாட்டி, பூஜைக்குப் புது ஃப்ராக். காட்டணும்."

"பல் விழுந்துடுத்து தாத்தா. ரத்தம் வந்தது. நான் அழலை."

"தாத்தா உடம்பு சரியில்லையா?"

இவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா, குழந்தை நம்மளை மறக்கலை. நான் அப்பவே சொன்னேனே" என்றார். எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. சந்தோஷப்பட்டார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். சாந்த்ராகாச்சி என்று ஒரு ஊர் இருப்பதே மறந்துவிட்ட மாதிரி.

கடைசியில் இருந்தது பிரியங்கா எழுதியது. எனக்கு எழுதியது. அதையும் சத்தமாகவே படித்தேன்.

"அம்மா, அவர் சொன்னதை மேக்னா முழுசா கேட்டா. போனை எடுத்தது அவதான். நான் யார் பொண்ணும்மான்னு கேக்கறா. நான் சொன்னா நம்பலை, தாத்தாவையே கேக்கணும்கறா. ஞாயித்துக்கிழமை கூப்பிடுவா. அவர் என்ன பதில் சொல்றாரோ அதை வெச்சு இனிமே இது வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்கறேன். உங்க மேல எனக்குக் கோவம் இல்லை."

இவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "எழுதிடு" என்றார். "கம்ப்யூட்டர்ல கோளாறுன்னு எழுது. நரேன் தப்பா சொல்லிட்டார்னு எழுது. அவளுக்கே புரிஞ்சுடும்."

"கூப்பிட்டது வராததுக்குக் கம்ப்யூட்டரைச் சொல்லலாம். சாந்த்ராகாச்சில வாயைத் திறந்து பேசினது எந்தக் கம்ப்யூட்டர்?"

குழந்தை கூப்பிடட்டும், தாத்தா பதில் சொல்வார் என்று நான் எழுதி அனுப்பினேன். இவர் சார்பில் நான் கொடுத்த வாக்கு அது.

அந்த வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். காபி கொடுக்கும்போதும் சொன்னேன், சாதம் போடும்போதும் சொன்னேன். ரொம்பப் பேச வேண்டாம். தாத்தா கோவத்துல பொய் சொல்லிட்டேன், நீ எங்காத்துக் குழந்தைதான், என்னை மன்னிச்சுடு. இவ்வளவு போதும். டாக்கில் ஆயிரம் பேரை அதட்டின வாய்க்கு இது பெரிய காரியமா?

"பொடிசுகிட்டப் போய் மன்னிப்பு கேக்கச் சொல்றியா?" என்றார் ஒரு நாள். இன்னொரு நாள், "அவ நேர்ல பாத்தா தானே சரியாயிடுவா. நான் கப்பல் ஊதினா சிரிச்சுடுவா" என்றார். சனிக்கிழமை ஒன்றும் சொல்லவில்லை. மனசு இளகியிருக்கிறது என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். சாம்பல் புள்ளி பச்சையானது. மணி அடித்தது. பூஜைக்கு முன்னால் கேட்ட அதே மணி. திரையில் மேக்னாவின் படம், பல் விழாத பழைய படம், சிரித்துக்கொண்டிருந்தது.

இவர் கை மவுஸ் மேல் இருந்தது. அமுக்கவில்லை.

"எடுங்கோ."

"நீ எடு" என்றார். "தாத்தா தூங்கறார்னு சொல்லு."

"அவ கேக்க வந்தது உங்களை."

"இன்னிக்கு வேண்டாம், வத்சலா. அடுத்த வாரம் பேசறேன்."

"அடுத்த வாரம்னு ஒண்ணு கிடையாது. எடுங்கோ."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. மவுஸை இவர் கையிலிருந்து பிடுங்கப் போனேன். அதற்குள் இவர் குனிந்தார். முட்டி வலி, குனிய முடியாது என்று பூஜைக்குப் பூ எடுத்துப் போடாத மனுஷர், மேஜைக்கு அடியில் சட்டென்று குனிந்து சுவிட்சை அணைத்தார். திரை கறுத்தது. மணி நின்றது.

நிமிர்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கரண்ட் போயிடுத்துன்னு சொல்லிக்கலாம்."

தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இவர் எழுந்து உள்ளே போய்ப் பேப்பரை விரித்தார். சரசரவென்று சத்தம் கேட்டது.

நான் சுவிட்சைப் போட்டேன். கிழட்டு மெஷின், அவசரம் என்றால் அதற்குத் தெரியுமா. முனகி, நின்று, மறுபடி முனகி, கேடயத்தைக் காட்டி, ஒவ்வொன்றாகத் திறந்து முடிப்பதற்குள் நான் வேண்டாத தெய்வம் இல்லை. வீடியோ ப்ரோக்ராம் வந்தபோது மேக்னாவின் புள்ளி சாம்பலாகியிருந்தது. கீழே புதிதாக ஒரு வரி.

"ஓகே தாத்தா. புரிஞ்சுது."

நான் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்து தானாக நின்றது. மறுபடி கூப்பிட்டேன். நீ எங்காத்துக் குழந்தைடி, பாட்டி சொல்றேன் என்று தட்டுத் தடுமாறி அடித்து அனுப்பினேன். அது போனது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து இவர் குரல் வந்தது. "குழந்தை பேசித்தா? என்னைக் கேட்டாளா?"

"கேட்டா" என்றேன். "நீங்கதான் பதில் சொல்லிட்டேளே."